சிறு தட்டுகளின் பெருங்குரல்

பழையதைத் தள்ளுவதும் புதியதைத் தாவிப் பிடிப்பதுமே மாணவர் இயல்பு என்று பெரியவர்கள் குறை கூறுவதுண்டு. அவர்கள் நம் விடுதிக்கு ஒரு மாலைப் பொழுதில் வந்து பார்க்க வேண்டும். அறைதோறும் ஒலிப்பவை அவர்கள் இளமையில் கேட்ட பாட்டுகள்! 1960களிலும் 1970களிலும் வெளிவந்து, சிறிய இசைத்தட்டுகளில் பக்கத்துக்கு ஒரு பாட்டாக அடங்கிக் கிடந்த மேலைநாட்டுத் துள்ளிசையும் ராக் இசையும் இன்று கைப்பேசியின் வழியே மறுபிறவி எடுத்திருக்கின்றன. கைப்பேசியோடு நில்லாமல், பழைய தட்டையே தேடிப் பிடித்து ஊசி வைத்துக் கேட்போரும் பெருகி வருகின்றனர். அமெரிக்க நாட்டில் 2022இல் 4 கோடியே 10 லட்சம் வினைல் தட்டுகள் விற்றன. குறுந்தட்டுகளோ 3 கோடியே 30 லட்சம்தாம். 1987க்குப் பின் வினைல் குறுந்தட்டை முந்தியது அவ்வாண்டில்தான். ஆகவே இது நம் விடுதியில் மட்டும் வீசும் காற்றன்று. உலகெங்கும் வீசும் காற்று.

இக்காற்றை நான் வரவேற்கிறேன். ஆனால் இதைப் பற்றி நம் மன்றத்தில் இரண்டு கட்சிகள் எழுந்துள்ளன. மன்ற ஆண்டுவிழாவில் ஒரு மணி நேரம் பழைய துள்ளிசைக்கு ஒதுக்கலாமா என்று பேச்சு வந்தபோது அக்கட்சிகள் வெளிப்பட்டன. "முத்தமிழ் வளர்க்க எழுந்த மன்றத்தில் மூன்று நிமிடக் கூத்துக்கு என்ன வேலை?" என்றனர் ஒரு சாரார். "கேட்பதானால் ஆங்கிலப் பாட்டையே கேட்போம், தமிழில் அப்படி என்ன இருந்தது?" என்றனர் மற்றொரு சாரார். கேட்பதற்கு இவை எதிரெதிர் வாதங்கள்போல் தோன்றும். ஆயினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. அக்காலத்தில் தமிழில் இத்தகைய பாட்டு எழவேயில்லை என்று இரு சாராரும் முடிவு கட்டிவிட்டார்கள். அம்முடிவு சரிதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இசைத்தட்டின் கதையைச் சற்றே நோக்குவோம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டே நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. கைதவறினால் உடையும், ஊசி பட்டுப் பட்டுத் தேயும். 1949இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம், ஏழு அங்குல அகலமும் 45 சுற்று வேகமும் உடைய வினைல் தட்டை வெளியிட்டது. எடை குறைவு, எளிதில் உடையாது, விலையும் நெடுந்தட்டைவிட மலிவு. வீட்டில் தரும் கைச்செலவுக் காசில் மிச்சம் பிடித்து ஓர் இளைஞன் தானே வாங்கத்தக்க பாட்டு அப்போதுதான் பிறந்தது. ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடமே இடம். நீண்ட ஆலாபனைக்கு அங்கே வழியில்லை. எடுத்த எடுப்பிலேயே கேட்பவன் நெஞ்சைக் கவர வேண்டும். முடியுமுன் அவன் நாவில் ஓரடியாவது ஒட்டிக்கொள்ள வேண்டும். அவ்விசையின் சுருக்கத்தையும் சுறுசுறுப்பையும் வடித்ததில் அந்தத் தட்டுக்கும் பெரும் பங்குண்டு.

இந்நாட்டில் இன்னொரு விந்தை நிகழ்ந்தது. மேலைநாடுகள் 78 சுற்றுத் தட்டைக் கைவிட்ட பின்னரும், கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் கிராமபோன் கம்பெனி அதனை 1960களின் நடுப்பகுதியிலும் செய்துகொண்டிருந்தது. பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டுகளே அங்கு 78 சுற்றுத் தட்டுகளாக வந்தன! காரணம் எளிது. மின்சாரம் எட்டாத வீடுகளில் சாவி முறுக்கி இயக்கும் கிராமபோன் பெட்டிகள் இருந்தன. அப்பெட்டிகளுக்குப் பாட்டு வேண்டியிருந்தது. அத்தட்டுகளை இன்று உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர் தேடி அலைகின்றனர். சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களோடு பழைய தட்டுகளும் ஒருகாலத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. 1985இல் அந்த மார்க்கெட்டே தீக்கிரையாயிற்று. நம் வீடுகளில் இருந்தவையோ எடைக்கு எடை பழைய பொருள்காரனிடம் போய்ச் சேர்ந்தன. அருமை தெரியாதவன் கையில் அகப்பட்ட மணி என் செய்யும்!

இனித் தமிழுக்கு வருவோம். தமிழில் துள்ளிசை இருந்ததா? இருந்தது, தோழர்களே! கடலுக்கு அப்பால், இலங்கையில் இருந்தது. அதற்குப் 'பொப்பிசை' என்றே பெயர் வழங்கியது. நித்தி கனகரத்தினம் என்பவர் தம் மாணவப் பருவத்திலேயே கிதாரை எடுத்துக்கொண்டு பாடத் தொடங்கினார். அவர் பாடிய 'சின்ன மாமியே' என்ற பாட்டைத் தெரியாத ஈழத்தமிழர் அரியர். திரைப்படம் இல்லை, கதாநாயகன் இல்லை, பெரிய வாத்தியக் குழுவும் இல்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழ், அவ்வூர் வீட்டு முற்றத்தின் கேலி, கால் தானே தாளம் போடும் நடை ஆகிய இவையே அப்பாட்டின் முதல். கள்ளுக்கடையின் பக்கம் போகாதே என்று அறிவுரை கூறும் பாட்டையும் அவர் அதே துள்ளலில் பாடினார். நம் பட்டிமன்றங்களில் ஒரு மணி நேரம் மதுவிலக்குப் பேசி எவர் மனத்திலும் ஒட்டாது போவதுண்டு. அவர் மூன்று நிமிடத்தில் அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். மக்கள் திரும்பத் திரும்பப் பாடினார்கள்.

அவர்க்குப் பின் ஏ. ஈ. மனோகரன் வந்தார். நம் நாட்டில் 'சிலோன் மனோகர்' என்று பெயர் பெற்றவர் அவரே. அவருடைய 'சுராங்கனி' கடல் கடந்து வந்தது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழ்ப் படத்தில் இளையராசா அதைப் பயன்படுத்தினார். ஈழத்துப் பாட்டு சென்னைத் திரையுலகின் வாயிலைத் தட்டித் திறந்த கதை அது.

இந்தப் பாட்டுகளின் நடை எங்கிருந்து வந்தது? 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையில் இறங்கினர். அவர்களோடும் அவர்கள் கொணர்ந்த ஆப்பிரிக்க மக்களோடும் வந்த ஆட்டப் பாட்டு, அந்நாட்டு மண்ணில் கலந்து 'பைலா' ஆயிற்று. போர்த்துக்கேய மொழியில் அச்சொல்லின் வேர் ஆடுதலைக் குறிக்கும். ஆண்டவர்கள் போனார்கள், ஆட்டம் நின்றது. சிங்களவர் அதை எடுத்துக்கொண்டனர், தமிழரும் எடுத்துக்கொண்டனர். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்து அரசியல் மேடை இரு மொழியினரையும் பிரித்து வைத்த காலத்துக்குப் பின்னும், பாட்டு மேடையில் ஒரே தாளம் இருவர் கால்களையும் ஆட்டியது. 'சுராங்கனி' சிங்களத்திலும் ஒலித்தது, தமிழிலும் ஒலித்தது. பாட்டு ஒரு நாட்டைக் காப்பாற்றிவிடும் என்று நான் கூறமாட்டேன். காப்பாற்றவில்லை என்பதை வரலாறு கண்ணீரோடு காட்டிவிட்டது. ஆயினும் பிரிவினைக்கு நடுவே சேர்ந்திருந்த ஓரிடம் இருந்தது என்பதற்கு அப்பாட்டுகள் சான்று. அச்சான்றை இழக்கலாமா?

வானொலியின் பங்கையும் இங்கே கூறுதல் வேண்டும். 1952ஆம் ஆண்டளவில், பி. வி. கேஸ்கர் அமைச்சராயிருந்த காலத்தில், அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு அருகிற்று. நம்மவர் செவிகள் இலங்கை வானொலியை நாடின. 1957இல் விவித பாரதி தொடங்கிய பின்னரும் அந்தப் பழக்கம் விடவில்லை. நாம் அவர்கள் வானொலியில் நம் பாட்டைக் கேட்டோம். அவர்களோ தம் பாட்டைத் தாமே ஆக்கத் துணிந்தார்கள். 1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவை இலங்கை அரசு கட்டுப்படுத்தியபோது, ஈழத்து எழுத்துக்கும் கலைக்கும் அது ஒரு தூண்டுகோலாயிற்று. வாங்கிக் கேட்பவன் ஆக்கிப் பாடுபவன் ஆவதற்கு இப்படிச் சில வேளைகளில் ஒரு தட்டுப்பாடும் துணை செய்கிறது!

தமிழ்நாட்டில் என்ன நடந்தது? இங்கே புது நடை பெரும்பாலும் திரைப்படத்தின் நிழலில் வளர்ந்தது. 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் விசுவநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் அமைத்த துள்ளல் மெட்டுகளை இன்றும் நம் விழாக்களில் பாடுகிறோம். மேலைநாட்டு நடை தமிழுக்குப் பொருந்துமா என்ற ஐயத்தை அவை அன்றே தீர்த்து வைத்தன. திரைக்கு வெளியேயும் ஒரு குரல் எழுந்தது. பம்பாயில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் 1947இல் பிறந்த உஷா உதுப், 1969இல் சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதியில் பாடத் தொடங்கினார். இரவு விடுதிப் பாடகி என்றால் இன்ன உடையில்தான் வரவேண்டும் என்று எழுதாத சட்டம் இருந்த காலம் அது. அவர் பட்டுப்புடவையோடும் பெரிய பொட்டோடும் மேடை ஏறினார். தடித்த குரலும் பாட்டுக்கு ஆகும் என்று காட்டினார். புதுமைக்குப் பிறர் சட்டையை இரவல் வாங்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நாட்டின் பிற நகரங்களிலும் இளைஞர் கிதார் ஏந்தினர். சிகரெட்டுக் கம்பெனி ஒன்று நடத்திய 'சிம்லா பீட்' போட்டியில் பாடிய குழுக்களின் பாட்டுகள் 1970இலும் 1971இலும் இரண்டு நெடுந்தட்டுகளாக வந்தன. அக்கால இளைஞர் இசையைப் பற்றிச் சித்தார்த் பாட்டியா 2014இல் ஒரு நூலே எழுதியுள்ளார். அக்குழுக்களில் பல ஆங்கிலத்திலேயே பாடின. பிறர் பாட்டைப் பிறர் குரலில் பாடிப் பழகின. அக்குழுக்களைவிட நித்தி கனகரத்தினம் என் நெஞ்சுக்கு நெருக்கமாயிருப்பதற்குக் காரணம் அவர் தாய்மொழியில் துணிந்ததே.

இனி முதற் கட்சியாருக்கு விடை. மேலைநாட்டுக் கலப்பு ஆகாது என்பவர்கள் நம் கச்சேரி மேடையை ஒருமுறை உற்றுநோக்க வேண்டும். பாடகர் பக்கத்தில் இருப்பது என்ன? வயலின்! முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் காலத்தில் நம் இசைக்குள் வந்த மேலைநாட்டுக் கருவி அது. இன்று அதைப் பிறநாட்டுக் கருவி என்று எவரேனும் சொன்னால் நாமே சண்டைக்குப் போவோம்! 1965இல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் நம் நாட்டுச் சித்தாரைத் தம் பாட்டில் மீட்டினார். அதனால் ஆங்கில இசை கெட்டுவிட்டதென்று அந்நாட்டார் ஓலமிடவில்லை. சங்ககாலப் பாணன் ஊர் ஊராகச் சென்று கேட்டதையெல்லாம் தன் யாழில் ஏற்றியவன். அவன் வழிவந்தோம் என்று மார்தட்டும் நாம் செவியைத் தாழிட்டுக்கொள்வது பொருந்துமா? மூன்று நிமிடம் என்று இகழ்வானேன்? ஏழு சீரில் உலகை அளந்தவர் பிறந்த மொழியன்றோ நம்முடையது!

மைசூரில் பயிலும் நமக்கு அருகிலேயே இது பற்றி ஒரு பாடம் இருக்கிறது. சென்ற சிவராத்திரியை ஒட்டி நண்பர் சிலருடன் மாதேஸ்வரன் மலைக்குச் சென்றிருந்தேன். மைசூரிலிருந்து கொள்ளேகாலம், ஹனூர் வழியாக ஏறக்குறைய 140 கிலோமீட்டர். 1956 நவம்பர் முதல் நாளுக்கு முன் கொள்ளேகாலம் வட்டம் கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று மலை சாமராசநகர் மாவட்டத்தில் இருக்கிறது. எல்லைக்கோடு மாறியது, வழிபாடு மாறவில்லை. சேலம், தருமபுரி, ஈரோடு பக்கத்துத் தமிழ் மக்கள் இன்றும் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள்.

அங்கே கம்சாளே பாட்டைக் கேட்டேன். இடக்கையில் கிண்ணம் போன்ற கஞ்சத் தாளம். வலக்கையில் குஞ்சம் தொங்கும் தட்டைத் தாளம். வீசி, சுழற்றி, குனிந்து, நிமிர்ந்து ஆடிக்கொண்டே புலி ஏறி வந்த மாதேஸ்வரரின் கதையைப் பாடுகிறார்கள். பாடுவோர் 'தேவரகுட்ட' என்று பெயர் பெற்ற, தீட்சை ஏற்ற அடியார்கள். பாட்டு கன்னடம். எங்களுக்கு முன்னே நின்ற தருமபுரிப் பாட்டி ஒருவர் ஒவ்வொரு பல்லவிக்கும் கூடவே பாடினார். "கன்னடம் தெரியுமா பாட்டி?" என்று கேட்டேன். "பேசத் தெரியாது சாமி, பாடத் தெரியும்" என்றார். பெரும் புலவர் விளக்க வேண்டிய உண்மையை அந்த அம்மையார் நான்கு சொல்லில் விளக்கிவிட்டார்.

அப்பாட்டு பல நூற்றாண்டாக ஏடில்லாமல், தட்டில்லாமல் வாழ்ந்தது. குருவின் வாயிலிருந்து சீடன் செவிக்குச் சென்றது. அறிஞர்கள் அதைக் கேட்டு எழுதிப் பதித்தது அண்மைக் காலத்தில்தான். சாகித்திய அகாதெமி அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 2001இல் வெளியிட்டது. 1996இல் நாகாபரணா இயக்கிய 'ஜனுமத ஜோடி' என்ற கன்னடத் திரைப்படம் அம்மரபின் பாட்டொன்றை நாடெங்கும் கொண்டு சென்றது. திரைக்குப் போனதால் மலைப்பாட்டு மாசுபட்டுப் போகவில்லை. நாங்கள் சென்ற நாளில் இளைஞர் பலர் அதைக் கேட்கத்தான் முண்டியடித்து நின்றனர்.

இதைக் கண்டு ஒரு நண்பர் கேட்டார்: "வாய்ப்பாட்டே இத்தனை நூற்றாண்டு நிற்குமானால் இசைத்தட்டைக் காப்பானேன்?" நல்ல கேள்வி. கம்சாளேக்கு ஒரு மலை இருக்கிறது. ஆண்டு தவறாமல் கூடும் மக்கள் இருக்கிறார்கள். பாடுவதைக் கடனாக ஏற்ற மரபு இருக்கிறது. நம் துள்ளிசைக்கு இம்மூன்றும் இல்லை. அது பிறந்த ஊரில் 1981இல் யாழ் நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983இல் நாடே எரிந்தது. 2009 வரை போர் நீடித்தது. ஓடிய குடும்பம் குழந்தையைத் தூக்கும், பத்திரத்தை எடுக்கும், இசைத்தட்டைச் சுமக்குமா? பாடியவர்களும் கேட்டவர்களும் பல நாடுகளில் சிதறினர். நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். மனோகரன் 2018 சனவரியில் சென்னையில் மறைந்தார். மலையும் மரபும் இல்லாத பாட்டுக்குத் தட்டே உடல். தட்டு அழிந்தால் பாட்டுக்கு வேறு இருப்பிடம் இல்லை. ஆதலால்தான் அதைக் காக்க வேண்டும் என்கிறேன்.

காப்பது எப்படி? வெறும் ஏக்கம் பயன் தராது. 1990இல் மும்பையில் சேகரிப்பாளர் சிலர் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் அமைத்து வழி காட்டினர். 2005இல் ஈழத்தமிழ்த் தன்னார்வலர் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைத் தொடங்கி, ஆயிரமாயிரம் ஏடுகளை அழிவினின்று மீட்டனர். அவர்களைப்போல் நாமும் சிறிதளவேனும் செய்யலாம்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் வீட்டுப் பரணைத் தேடுங்கள். தட்டு கிடைத்தால் ஈரத்துணியால் அழுத்தித் தேய்க்காதீர்கள். செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். படுக்கப் போட்டு அடுக்கினால் வளைந்துவிடும். தட்டின் நடுவில் ஒட்டிய தாளில் உள்ள எண்ணையும், பாடியவர், எழுதியவர், மெட்டமைத்தவர் பெயர்களையும் ஓர் ஏட்டில் குறியுங்கள். பக்கத்தில் உள்ள பெரியவரிடம் அத்தட்டு எப்போது, எங்கே வாங்கியது, எந்த நிகழ்ச்சிக்குப் போட்டுக் கேட்டது என்று வினவி, அவர் குரலையும் பதிவு செய்யுங்கள். தட்டு இன்னும் சில பத்தாண்டு தாங்கும். பெரியவரின் நினைவு அவ்வளவு காத்திராது.

சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு. 1960இல் வெளியான தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020இன் முடிவோடு தீர்ந்தது. ஆனால் பாட்டை எழுதியவர்க்கும் மெட்டமைத்தவர்க்கும் உள்ள உரிமை வேறு. அது அவர்கள் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு நீடிக்கும். ஆகவே காப்பதும் கேட்பதும் ஒன்று. விற்பதும் வெளியிடுவதும் மற்றொன்று. பழம்பாட்டை மீட்கிறோம் என்று பாட்டுக்காரன் பையில் கைவிடலாகாது.

இவற்றையெல்லாம் செய்தபின் ஒன்று எஞ்சும். அது பாடுவது! அலமாரியில் பூட்டிய தட்டு விதைநெல்லைப் போன்றது. விதைக்காமல் வைத்திருந்தால் ஒருநாள் அதுவும் உளுத்துப்போகும். ஆண்டுவிழாவில் ஒரு மணி நேரம் வேண்டும் என்று நான் கேட்பது கேளிக்கைக்காக மட்டுமன்று. நம் கிதார் நண்பர்கள் ஆங்கிலப் பாட்டை அச்சு மாறாமல் வாசிக்கும் திறன் பெற்றவர்கள். அத்திறனோடு ஈழத்துப் பாட்டொன்றை, தமிழ்த் திரையின் துள்ளல் மெட்டொன்றை அவர்கள் மேடையேற்றட்டும். இறுதியில், நம் விடுதி வாழ்வைப் பற்றி, நம் தேர்வுக் கவலையைப் பற்றி, இங்கே நாம் பேசும் கன்னடம் கலந்த தமிழிலேயே புதிதாக ஒரு பாட்டுக் கட்டிப் பாடட்டும். நித்தி கனகரத்தினமும் மாணவராயிருந்தபோதுதான் தொடங்கினார். அவரிடம் இருந்தது ஒரு கிதாரும் தாய்மொழியில் இருந்த துணிவுமே.

மன்றத்தின் பொதுக்குழு அடுத்த மாதம் கூடுகிறது. ஒரு மணி நேரம் தருவதா, மறுப்பதா என்று அன்று கைதூக்கச் சொல்வார்கள். கைதூக்குமுன் ஒரே ஒரு தட்டையேனும் முழுதும் கேட்டுவிட்டு வாருங்கள். அதற்கு மூன்று நிமிடம் போதும்.